முகவென்புகளின் இசைவும் கூட்டுச் சத்திரசிகிச்சையும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பர் நம் முன்னோர். அச்சிரசினுள்ளும் பிறர் கண்ணுக்கு முதற்கண் புலனாவது முகம். ஒருவரை இன்னாரென அடையாளங் காண்பதும், அவர்தம் உவகை துயரங்களை உய்த்துணர்வதும் முகத்தாலேயே. இம்முகத்தின் வடிவை ஆக்குவன தோலும் தசையுமே எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. தோலும் தசையும் பந்தலிற் கட்டிய வெள்ளையை ஒப்பன. அவ்வெள்ளையைத் தாங்கி நிற்கும் கால்கள் என்புகளே. காலை நகர்த்தினால் வெள்ளையின் வடிவும் மாறும். இவ்வெளிய உண்மையின்மேல் எழுந்ததே முகவென்புச் சத்திரசிகிச்சை என்னும் பெருங்கலை.

ஓர் என்பை மாத்திரம் திருத்தாது, பல என்புகளை ஒருங்கே திருத்தி முகத்திற்கு இசைவு உண்டாக்கும் கூட்டுச் சத்திரசிகிச்சை எவ்வாறு தோன்றிற்று, அதன் நெறி யாது, அதன்கண் உள்ள இடர்கள் எவை என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இத்துறையில் இன்று உலகத்தார் அனைவராலும் பேசப்படும் நாடு தென்கொரியா. அந்நாட்டு நடிகர் நடிகையரின் முகங்களை எம் இளைஞரும் நாள்தோறும் திரையிற் கண்டு வியக்கின்றனராதலின், இப்பொருள் எம்மவர்க்கு முற்றும் அயலானதன்று.

மண்டையோட்டின் முன்புறத்தே முகத்திற்குரியனவாக 14 என்புகள் உள என்பது உடற்கூற்று நூலார் கணக்கு. அவற்றுள் வடிவைப் பெரிதும் தீர்மானிப்பவை சிலவே. கண்ணுக்குக் கீழே புறம்நோக்கிப் புடைத்து, வில்லாக வளைந்து காதை நோக்கிச் செல்வது கன்ன என்பு. மேல்வரிசைப் பற்களைத் தாங்குவது மேல்தாடை. குதிரையிலாடம் போல் வளைந்து, முகவென்புகளுள் தான் ஒன்றே அசையும் இயல்பினதாய் அமைந்தது கீழ்த்தாடை. அக்கீழ்த்தாடையின் முன்முனையாகிய மோவாயைத் தனியே அறுத்து நகர்த்தலாமாகலின், அதனை வேறாக எண்ணுதல் சத்திரவைத்தியர் வழக்கு. கீழ்த்தாடை காதின் கீழே மேல்நோக்கித் திரும்புமிடம் தாடைக்கோணம் எனப்படும். அது பெரும்பாலும் 120 பாகையை அடுத்த அளவினது. செங்கோணத்தை நெருங்குந்தோறும் முகம் சதுரமாகவும், விரியுந்தோறும் முகம் நீண்டு ஒடுங்கியதாகவும் தோன்றும்.

ஆயின், சதுரமாகத் தோன்றும் முகமெல்லாம் என்பினால் ஆயதன்று. தாடைக்கோணத்தின் மேல் தடித்துக் கிடக்கும் மெல்லுதசை, உறக்கத்திற் பற்கடிக்கும் பழக்கம் உடையாரிடத்துப் பருத்துவிடுதல் உண்டு. பற்களை இறுகக் கடிக்கச் செய்து விரலால் அழுத்திப் பார்த்தால், பருத்தது தசையோ என்போ என்பது ஒருவாறு புலனாகும். தசையே காரணமாயின் பொற்றுலினம் என்னும் நஞ்சை மிகச் சிற்றளவில் ஊசியால் ஏற்றி அத்தசையை மெலிவிக்கலாம்; என்பைத் தொடவேண்டிய தேவையே இல்லை. மெலிவு சில மாதங்களே நிற்கும் என்பது குறைபாடாயினும், மனம் மாறினால் பழைய நிலைக்கு மீளலாம் என்பது பெருநன்மை. மீளத்தக்கது எது, மீளத்தகாதது எது என்னும் இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்வருவன பலவற்றிற்கும் அதுவே திறவுகோல்.

இனி, இசைவான முகம் என்பது யாது? நம் சிற்பநூலோர் இதற்கு ஓர் அளவு வகுத்துள்ளனர். முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு, அதனைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து, மயிரெல்லை தொடங்கிப் புருவம் வரை நான்கு, புருவம் தொடங்கி மூக்கின் அடி வரை நான்கு, அங்கிருந்து மோவாய் வரை நான்கு என அமைத்தனர். இவ்வங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று. படிமத்தின் அளவிற்கேற்ப மாறுவது. உரோமாபுரிக் கட்டடக்கலைஞராகிய விற்றுருவியசும், அவர் வழிநின்ற இத்தாலிய ஓவியர் இலியனார்டோ டாவின்சியும் முகத்தை இவ்வாறே மூன்று சமபங்காகப் பிரித்தனர் என்பது வியக்கத்தக்கது. கீழ்த்திசையும் மேற்றிசையும் ஒன்றையே கூறினவாகலின் இஃது இயற்கையின் விதியே என்று கொள்ளத் தோன்றும். ஆயின் கனடாவின் தொறன்ரோ நகரில் லெஸ்லி பார்க்காசு என்னும் அறிஞர் உயிருள்ள மனிதரின் முகங்களை அளவுகோல் கொண்டு அளந்து, 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பழைய விதிகள் பல உண்மை முகங்களுக்குப் பொருந்தவில்லை என்று காட்டினார். மூன்று பங்குகளும் சரிசமமாக அமைந்தோர் மிக அரியர். சிற்பியின் விதி கல்லுக்கு விதி. மனிதமுகம் அவ்விதியின்றியும் அழகாக இருத்தல் கூடும். இதனை மறந்து, ஓர் எண்ணை மனத்திற்கொண்டு முகத்தை அதற்கேற்ப அறுக்க முற்படுவோரை யாம் ஐயத்துடனேயே நோக்குவோம்.

அங்ஙனமாயின் அளவு வேண்டாவோ எனின், வேண்டும். எண்ணளவு முகத்திற்கு முகம் வேறுபடும். ஆனால் ஓர் உறுப்பிற்கும் மற்றோர் உறுப்பிற்கும் உள்ள விகிதமே கண்ணுக்குப் புலனாகும் வடிவை உண்டாக்குகின்றது. ஒரு சிறு கணக்கால் இதனை விளக்குவோம். ஒருவருடைய முகத்தில் கன்ன என்புகளின் அகலம் 144 மில்லிமீற்றர், தாடைக்கோணங்களின் அகலம் 120, மூக்கின் வேரிலிருந்து மோவாய் வரை உயரம் 120 எனக் கொள்வோம். தாடையகலம் கன்னவகலத்தின் ஆறில் ஐந்து பங்கு. முகம் சதுரமாகத் தோன்றுகின்றது. தாடையை மாத்திரம் குறைத்து 108 ஆக்கினால் அது கன்னவகலத்தின் நான்கில் மூன்று பங்காகச் சுருங்கும். கன்ன என்பு அணுவளவும் வளராதிருக்க, அது புதிதாகப் புடைத்தது போல் தோன்றும். முன்பு தன் தாடையை வெறுத்தவர் இப்போது தன் கன்னத்தை வெறுப்பார். சரி, கன்னத்தையும் பக்கத்திற்கு 4 மில்லிமீற்றர் குறைத்து 136 ஆக்குவோம். தாடையும் கன்னமும் ஒருவாறு இசைந்தன. ஆயின் உயரம் முன்னிருந்த 120தான். அகலம் குறைந்தமையால் உயரத்தின் விகிதம் 0.83 இலிருந்து 0.88 ஆக ஏறிவிட்டது. முகம் நீண்டுவிட்டதாகக் கண் சொல்லும். இயல்பிலேயே நீண்ட முகத்தினர்க்கு இதனால் அழகு குன்றுமேயன்றிக் கூடாது. அன்னவர்க்கு மோவாயின் உயரத்தையும் குறைத்தல் வேண்டும். குறுகிய முகத்தினர்க்கோ குறைக்காது விடலே நன்று.

ஓர் என்பைத் தொட்டவன் மற்றையவற்றையும் கணக்கிலெடுத்தேயாகவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். கூட்டுச் சத்திரசிகிச்சை தோன்றியமைக்கு இதுவே நியாயமான காரணம். நியாயமற்ற காரணங்களும் உள. அவற்றைப் பின்னர்க் கூறுவோம்.

இக்கலையின் வரலாறு அழகுவேட்கையில் தொடங்கவில்லை, துன்பத்தில் தொடங்கிற்று. சுசுருதர் மூக்கறுப்புண்டார்க்குத் தோலெடுத்து மூக்கமைத்த செய்தி பலரும் அறிந்தது; ஆயின் அது தோலும் தசையும் பற்றியது. தாடையென்பை அறுத்து நகர்த்தியோருள் முதல்வராக எண்ணப்படுபவர் அமெரிக்காவின் வீலிங் என்னும் ஊரில் வாழ்ந்த சைமன் ஹலிகென். சிறுவயதில் தீப்புண்பட்ட ஓர் இளம்பெண்ணின் கழுத்துத் தழும்பு ஆண்டுக்கணக்காக இழுத்தமையால் கீழ்த்தாடை நீண்டு வளைந்துவிட்டது. அவர் தாடையிலிருந்து ஆப்பு வடிவான துண்டுகளை அறுத்தெடுத்துப் பற்களை மீண்டும் பொருந்தச் செய்து, அதனை 1849ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அதே நாட்டினரான டொக்டர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கி, பின்னர் மானிப்பாயிலே தமிழ் மாணாக்கர்க்கு வைத்தியங் கற்பித்து இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கிய காலமும் அதுவே என்பதை இடைப்பிறவரலாகக் குறித்தல் தகும். சத்திரவைத்தியத்தைத் தமிழில் எழுதுதல் இந்நாட்டில் புதுமையன்று.

1901ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லீல் நகரில் இறெனே லெ போர் என்பார் பிணங்களின் தலைகளில் அடியும் மோதலும் ஏற்படுத்தி, நடுமுகம் எவ்வெக்கோடுகளில் உடைகின்றது என்று ஆராய்ந்தார். மூன்று கோடுகள் மீண்டும் மீண்டும் தோன்றின. உடைவைக் குணப்படுத்துதற்கெனக் கண்ட அக்கோடுகளே, பிற்காலத்தில் வேண்டுமென்றே என்பை அறுப்பதற்கு வழிகாட்டின. மூக்கின் அடியில் குறுக்காகச் செல்லும் முதற்கோட்டில் அறுத்து மேல்தாடையைப் பிரித்து நகர்த்தும் சிகிச்சை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கீழ்த்தாடைக்குரிய பெருவழியைத் திறந்தவர் ஒஸ்திரியாவிற் பிறந்து சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பணியாற்றிய ஹியூகோ ஒப்வெகேசர். கீழ்த்தாடையின் உள்ளே ஒரு கால்வாய் ஓடுகின்றது. கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அக்கால்வாயினுள்ளே சென்று, கீழ் முன்கடைவாய்ப் பற்களின் அடியில் ஒரு சிறு துளைவழியே வெளிவருகின்றது. தாடையைக் குறுக்கே அறுத்தால் நரம்பும் அறும். ஒப்வெகேசரோ தாடையின் பின்கிளையைக் குறுக்கே அறுக்காது, உட்பாளம் வேறு வெளிப்பாளம் வேறாக நெடுக்கே பிளந்தார். பிளந்த மூங்கிலின் இரு பாளங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமாறு போல, பற்களைத் தாங்கிய பகுதி முன்னோ பின்னோ வழுக்கும். நரம்பு உள்ளே அறுபடாது கிடக்கும். பாளங்கள் அகன்று தொட்டிருத்தலின் என்பு விரைவில் ஒட்டும். வாயினுள்ளேயே அனைத்தும் நிகழ்தலின் முகத்தில் தழும்பும் இல்லை. 1950களின் நடுப்பகுதியில் அவர் தம் ஆசிரியர் றவுனருடன் வெளியிட்ட இம்முறை, பின்வந்தோர் செய்த சில திருத்தங்களுடன் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. மோவாயை வாயின் உள்வழியே அறுத்து நகர்த்தும் முறையையும் அவர்களே 1957இல் விளக்கினர்.

மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் ஒரே அமர்வில் நகர்த்திய முறையை ஒப்வெகேசர் 1970ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். கூட்டுச் சத்திரசிகிச்சையின் உண்மையான தொடக்கம் இதுவே எனலாம். மேல்தாடையை மண்டையினின்றும் முற்றாகப் பிரித்தால் அது குருதியின்றிச் செத்துவிடாதோ என்ற அச்சம் அக்காலத்தார்க்கு இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் பெல் என்பார் குரங்குகளில் ஆராய்ந்து, அண்ணத்தையும் முரசையும் பற்றிய மென்தசைவழியே குருதி ஓடிக்கொண்டிருக்குமாயின் பிரித்த என்பும் உயிர்வாழும் என்று மெய்ப்பித்தபின் அவ்வச்சம் தணிந்தது. முன்னாளில் என்பு ஒட்டும்வரை மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியாற் பிணித்து, ஆறு கிழமைவரை வாய்திறவாது வைத்தனர். தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான சிறு தகடுகளும் திருகாணிகளும் வந்தபின் அவ்வவதி பெரிதும் நீங்கிற்று.

இதுகாறும் கூறியன மெல்லவும் மூச்செறியவும் பேசவும் இடர்ப்பட்டோர்க்கென எழுந்த சிகிச்சைகள். இனிக் கொரியாவிற் செல்வோம்.

மேனாட்டார் தம் கன்னமும் மோவாயும் போதாவென்று செயற்கைத் துண்டு வைத்துப் பெருக்க முயன்ற காலத்தில், கீழைநாட்டார் தம் கன்னமும் தாடையும் மிகையென்று குறைக்க முயன்றனர். அழகென்பது இயற்கையின் ஒரே விதியன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. யப்பானில் ஒனிசூக்கா முதலியோர் கன்ன என்பைக் குறைக்கும் முறையை 1983இல் விளக்கினர். கொரியரான பேக் செ-மின் குழுவினர் புடைத்த தாடைக்கோணத்தை அறுத்துக் குறைத்த 42 நோயாளரின் பயனை 1989இல் வெளியிட்டனர். பின்னர் சியோல் நகரின் கங்னம் பகுதியில் இதற்கெனவே மருத்துவமனைகள் தெருத்தெருவாக எழுந்தன. கன்ன என்பு, தாடைக்கோணம், மோவாய் என்னும் மூன்றையும் ஒருங்கே திருத்துதலை அந்நாட்டார் 'மூவகை உருத்திருத்தம்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். நெற்றியிலிருந்து மோவாய்க்கு ஒடுங்கி இறங்கும் முட்டைவடிவமே அவர்தம் குறிக்கோள். வேலை விண்ணப்பத்தில் ஒளிப்படம் ஒட்டும் வழக்கம் நெடுங்காலம் வேரூன்றிய நாடு அது என்பதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2017 முதல் அரசாங்கச் சார்பு நிறுவனங்கள் படம் கேளாது ஆள் தெரியும் முறையை மேற்கொண்டன. ஒருவன் தன் முகத்தை அறுத்துக்கொள்ள விரும்புவது வெறும் செருக்கினால் மாத்திரமன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

மூவகையும் எங்ஙனம் செய்யப்படுகின்றன? கன்ன என்பை வாயின் உட்புறமாக அணுகி முன்பகுதியில் 'ட' எழுத்தை ஒத்த வெட்டு ஒன்றும், காதின் முன்னே மயிர் மறைக்கும் சிறு கீறல்வழியே வில்லின் பின்பகுதியில் மற்றொன்றும் இட்டு, இடைப்பட்ட துண்டை உள்ளேயும் மேலேயும் தள்ளித் தகட்டாற் பொருத்துவர். மோவாயை நரம்பு வெளிவரும் துளைக்குக் கீழே குறுக்காக அறுத்து, நடுத்துண்டு ஒன்றை நீக்கி இருபுறத்தையும் நெருக்குவர். அல்லது முன்னே நகர்த்துவர். தாடைக்கோணத்தில் இருவேறு செயல்கள் உள. இவற்றை வேறுபிரித்தறியாமையே பலருடைய ஏமாற்றத்திற்குக் காரணம். கோணத்தின் முனையை வளைவாக அறுத்தெடுத்தல் பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் பெரிதும் தெரியும். நேரே பார்க்கும்போது அகலம் குறையவேண்டுமாயின் தாடையின் வெளிப்பாளத்தைச் சீவி மெல்லிதாக்குதல் வேண்டும். தான் கண்ணாடியில் நேரே காண்பதைக் குறைக்க விரும்பியவர்க்குப் பக்கத்தோற்றத்தை மாத்திரம் மாற்றி அனுப்பினால் அவர் எங்ஙனம் மகிழ்வார்?

முன்னர்க் குறித்த வேறுபாட்டிற்கு இனித் திரும்புவோம். ஒப்வெகேசர் வழி பெரும்பாலும் என்பை நகர்த்துவது. தாடைக்கோணச் சிகிச்சை என்பை நீக்குவது. நகர்த்தியது பிழைப்பின் மீண்டும் அறுத்து நகர்த்தலாம், கடினமாயினும் இயலும். நீக்கிய என்பு மீளாது. அளவுக்கு மிஞ்சி அறுக்கப்பட்ட தாடை, காதிலிருந்து மோவாய்வரை கோணமேயின்றிச் சரிந்து, கத்தியால் வாழைத்தண்டைச் சாய்த்து வெட்டியது போலத் தோன்றும். சிலர்க்கு அறுத்த எல்லையில் இரண்டாங்கோணம் ஒன்று புதிதாக முளைத்தது போல நிற்கும். ஆதலின் பல சிகிச்சைகளை இணைக்கும்போது, நகர்த்தலை முன்னும் நீக்கலைப் பின்னும் வைத்தலே தக்க முறை என்பது எம் துணிபு. இதற்கு மற்றுமொரு நியாயமும் உண்டு. தாடைகளை நகர்த்தித் திருப்பும்போது தாடைக்கோணத்தின் இடமும் சாய்வும் தாமே மாறுகின்றன. முன்னரே சீவிவிட்டால் பின்னர் நிகழும் மாற்றத்திற்கு அக்கணக்குப் பொருந்தாது. மோவாயும் அங்ஙனமே; கீழ்த்தாடை முழுவதும் பின்செல்லுமாயின் மோவாயும் உடன் செல்லும், அதன்பின் எஞ்சிய குறையே மோவாய்க்குரிய குறை. பற்களின் பொருத்தம் முதலிலும், மோவாய் அடுத்தும், கோணமும் கன்னமும் இறுதியிலுமாக எண்ணிச் செல்வதே நன்று.

இவ்வெண்ணம் அனைத்தும் கத்தியைத் தொடுமுன்னரே முடிதல் வேண்டும். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புறோட்பென்ரும் ஜேர்மனியில் ஹோபிறாத்தும் தலையை ஒரே நிலையில் நிறுத்தி எக்ஸ்றேப் படமெடுத்து அளக்கும் முறையைத் தனித்தனியே கண்டனர். இன்று கணினியால் மண்டையோட்டை முப்பரிமாணமாகத் திரையிற் காட்டி, அங்கேயே அறுத்து நகர்த்திப் பார்த்து, அதற்கேற்ற பற்பொருத்தியையும் வெட்டுவழிகாட்டியையும் வார்த்தெடுக்கின்றனர். ஆயினும் என்பைக் கணக்கிடுவது போலத் தோலைக் கணக்கிட இயலாது. என்பில் ஒரு மில்லிமீற்றர் குறைத்தால் தோலில் ஒரு மில்லிமீற்றர் குறைவதில்லை. கன்ன என்பைத் தாங்கிநின்ற தசைகளை அளவின்றிப் பிரித்தெடுத்தால், தாங்குகால் உட்சென்ற பந்தலின் வெள்ளை போலக் கன்னம் தொய்ந்துவிடும். ஐம்பது வயதினர்க்கு இது பெருங்கேடு. என்பைச் சிறிதாக்கி இளமைகாண விரும்பியவர் முதுமை கண்டு திரும்புவார்.

இடர்களுள் தலையாயது குருதிப்பெருக்கு. மெல்லுதசையின் முன்னெல்லையில் முகநாளம் தாடையின் விளிம்பைக் கடந்து மேலேறுகின்றது. மேல்தாடையின் பின்னேயும் பெரிய குழாய்கள் உள. ஒடுங்கிய வாயினுள்ளே, ஆழத்தில், கண் நேரே எட்டாத இடத்தில் அவை அறுபட்டால் அடக்குதல் எளிதன்று. அடுத்தது மூச்சுவழி. சிகிச்சையின் பின் நாக்கும் தொண்டையும் வீங்கும். உள்ளே குருதி கட்டினால் மூச்சடைக்கும். ஓர் என்பிற்கு மேல் ஓர் என்பு சேருந்தோறும் மயக்கத்தின் நேரமும் குருதியிழப்பும் வீக்கமும் ஏறிச்செல்கின்றன. இரு தாடையும் மூவகையும் ஒரே நாளில் முடிப்பதாயின், மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் இடைவிடாது அருகிருக்கவும், குருதி ஏற்றும் வசதியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஆயத்தமாயிருக்கவும் கூடிய பெரிய மருத்துவமனையே அதற்கிடம். அவ்வசதியில்லாவிடத்துத் தாடைகளை முதலிலும், ஏறத்தாழ ஆறு மாதத்தின் பின் எஞ்சியவற்றையும் செய்துகொள்வதால் இழப்பொன்றுமில்லை. ஒரே கட்டணம், ஒரே விடுமுறை என்ற விளம்பரமே கூட்டுச் சிகிச்சைக்கு நியாயமற்ற காரணம் என்று முன்னர் யாம் சுட்டியது.

2016ஆம் ஆண்டில் சியோல் நகரில் 24 வயதான பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தாடைச் சிகிச்சை பெற்றார். சிகிச்சை நடந்துகொண்டிருக்கவே வைத்தியர் வேறு அறைகளில் வேறு சிகிச்சைகளுக்குச் சென்றார். மாணவருடைய குருதி நில்லாது பெருகிற்று. ஏழு கிழமையின் பின் அவர் இறந்தார். அவர்தம் அன்னையார் அவ்வறையின் கண்காணிப்புப் படப்பதிவைப் பெற்று, நூற்றுக்கணக்கான முறை பார்த்து, யார் எப்போது அறையில் இருந்தார், யார் இல்லை என்பதை நிமிடக்கணக்காக எழுதி வழக்காடினார். மருத்துவமனைத் தலைவர்க்கு 2021இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகத்து மாதத்திலேயே, நோயாளர் உணர்வற்றிருக்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களிற் படப்பதிவுக் கருவி பொருத்தவேண்டும் என்னும் சட்டத்தைக் கொரியப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. 25-9-2023 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு தாயின் முயற்சியால் ஒரு நாட்டின் சட்டம் பிறந்தமை இக்கலையின் வரலாற்றில் ஒப்வெகேசரின் பெயருக்குக் குறையாத இடம் பெறத்தக்கது.

நிற்க. இக்கூட்டுச் சிகிச்சையால் உண்மையாகப் பயன்பெறுவோர் எம் நாட்டிலும் உளர். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளை நாம் அறிவோம். இவர்கள் வளர்ந்தபின் சிலர்க்கு மேல்தாடை பின்தங்கி, நடுமுகம் குழிந்து, கீழ்ப்பற்கள் முன்னே நிற்கும். இக்குறை பிறவியிலேயே அமைந்ததோ, குழந்தைப் பருவத்தில் செய்த சத்திரசிகிச்சையால் நேர்ந்ததோ என்பது நெடுநாள் தீராத வினா. அவ்வினாவிற்கு விடை இலங்கையிற் கிடைத்தது என்பதை எம்மவருள் அறிந்தோர் சிலரே. 1980களில் இலண்டன் நகரிலிருந்து மைக்கேல் மாஸ் என்னும் பல்வைத்தியர் தலைமையில் வந்த குழுவினர் காலியிலே எம் நாட்டு வைத்தியருடன் கூடிப் பணியாற்றினர். சிகிச்சையே பெறாது வளர்ந்துவிட்ட பிளவண்ணத்தினர் பலரை அவர்கள் அங்கே கண்டனர். மேனாடுகளில் அத்தகையோரைக் காண்டல் அரிது. அவர்களை அளந்து 1990இல் வெளியிட்ட ஆய்வு, கத்தி படாத அம்மேல்தாடைகள் ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்திருந்தன என்று காட்டிற்று. ஆகவே வளர்ச்சியைத் தடுப்பது பெரும்பாலும் சிகிச்சையின் தழும்பே. அதற்காக அண்ணத்தைத் திறந்துவிட இயலாது, பேச்சுக் கெட்டுவிடும். பேச்சுக்காக முகவளர்ச்சியில் ஒரு பங்கை இழக்கச் செய்தோம் என்பதை வைத்தியர் அறிந்திருப்பது, பதினெட்டு வயதில் அவ்விளைஞர் மீண்டும் வரும்போது அவரை அழகுவேட்கையர் என்று தள்ளாதிருத்தற்கு உதவும்.

அன்னவர்க்கு லெ போர் கோட்டில் மேல்தாடையை முன்னகர்த்தலும், வேண்டுமாயின் கீழ்த்தாடையைப் பின்னகர்த்தலும், மோவாய்த் திருத்தமும் ஒருங்கே செய்யப்படும். இடைவெளி மிகப் பெரிதாயின் ஒரேயடியாக நகர்த்தாது, அறுத்த என்பை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் கருவியால் இழுத்து, இடையே புதிய என்பு வளரவிடுவர். உருசிய தேசத்து இலிசாறொவ் கால் என்பிற் கண்ட இவ்வழியை நியூயோர்க்கின் மக்காத்தி 1992இல் தாடைக்கு வெளியிட்டார். இவையனைத்தும் வளர்ச்சி நின்றபின் செய்வனவே பெரும்பான்மை. பெண்களுக்குப் பதினாறு பதினேழு வயதளவிலும், ஆண்களுக்குப் பதினெட்டிற்கு மேலும் தாடை வளர்ச்சி அடங்கும். கீழ்த்தாடை மிக நீண்டவர்க்கு அதனினும் பொறுத்திருந்து, இரு ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, மாற்றமில்லையெனக் கண்டே தொடங்குவர். அதற்கு முன் பற்களைக் கம்பியால் ஒழுங்குபடுத்த ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ செல்லும்.

சிகிச்சையின் பின்னுள்ள நாட்களைப் பற்றியும் சிறிது கூறுவோம். விளம்பரங்கள் கூறாதது இதுவே. முதற்கிழமையில் கஞ்சியும் மோரும் பழச்சாறுமே உணவு. இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சநிலை அடையும். தன் முகத்தைத் தானே அறியாது கலங்குவோர் உளர். குழையச் சமைத்த சோறும் களியும் உண்டு ஆறு கிழமை கழித்தபின்னரே என்பு தாங்கத்தொடங்கும். அதுவரை மெல்லுதசை இழுத்தால் கன்னவென்பின் தகடு தளரக்கூடுமாதலின் முறுக்கும் வறுத்த கடலையும் ஆகா. கீழுதட்டிலும் மோவாயிலும் மரமரப்பு ஏறத்தாழ எல்லார்க்கும் தோன்றும். பெரும்பாலார்க்கு அது மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்து நீங்கும். சிலர்க்கு ஒரு பகுதி என்றும் நீங்காது. தேநீர் உதட்டினின்று வழிவதையும் அவர் உணரார். மூன்றாம் மாதத்தில் எடுத்த படத்தைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டா. உள்வீக்கம் வடிந்து, தோல் புதிய என்பின்மேல் அமைந்து நிற்க ஓராண்டு செல்லும். சிகிச்சைக்கு முன்னெடுத்த படத்தின் அருகே வைத்துப் பார்க்கத்தக்கது பன்னிரண்டாம் மாதத்துப் படமே.